பூச்சட்டை இல்லாத தவக்காலம்

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். காப்பி குடிக்கும்போது என் மனைவி பிலோமினா, இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று கேட்டாள். கறி என்றேன். போன வருடமும் கறியைத்தான் விட்டேன். வீட்டில் தினமும் மீன் என்பதால் அது பெரிய தியாகமாகத் தெரிந்ததில்லை.

"பூச்சட்டைய விடுங்க," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் கடைக்குப் போய் முழுக்கைச் சட்டைகள் வாங்கியே வைத்துவிட்டாள். வெள்ளையில் மூன்று, வெள்ளை போலவே தெரியும் நீலத்தில் ஒன்று.

எங்கள் ஒரே மகள் ஜெனிற்றாவைப் பார்க்க மார்ச் முதல் வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பையன் ராய்ஸ்டன் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அவன் அப்பா கஸ்பார் வாஸ் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஒரு ஹெட்மாஸ்டர் சம்பந்தம் பேச வரும்போது பெண்ணின் தகப்பன் நெஞ்சில் அன்னாசிப்பழத்தோடு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது பிலோமினாவின் கட்சி.

ஈஸ்டர் வரைக்கும்தானே என்றேன். ஆமாம் என்றாள். என் ஹவாய் சட்டைகள் இருக்கிற பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கிறது.

பிப்ரவரி 23, வியாழன்

வெள்ளைச் சட்டை. பேன்ட்டுக்குள் விட்டுப் போட வேண்டுமாம். ஹவாய் சட்டையை யாரும் உள்ளே விடுவதில்லை, அதனால் வயிறு எங்கே முடிகிறது என்று இத்தனை நாள் எனக்கே தெரியாமல் இருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

துறைமுகத்துக்கு வெளியே, கப்பல் சரக்குகளுக்குப் பேப்பர் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் எனக்கு வேலை. எதிர் மேஜை இசக்கிமுத்து. பல வருடமாக எதிர் மேஜைதான். இன்றைக்கு என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, கழுத்துல என்னது, பவுடர் கொட்டிருக்கா?"

பவுடர் இல்லை என்றேன்.

அதற்குப் பெயர் வெண்புள்ளி. கழுத்தின் இடது பக்கம், முழங்கைகள், சில விரல்கள், இரண்டு பாதங்கள். முப்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தது. ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். இதையெல்லாம் இசக்கிமுத்துவிடம் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டான். அதையும் சொன்னேன்.

"நான் பாத்ததே இல்லியே அண்ணாச்சி," என்றான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. நான் என்றைக்கு என்ன சட்டை போட்டு வந்தேன் என்பது மட்டும் அவனுக்கு மனப்பாடம். கிளி போட்டதை ஏன் இப்போதெல்லாம் போடுவதில்லை என்று விசாரித்தான்.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். மோட்டார் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 26, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் மூன்று பேர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருவர் வீட்டில் யார் தவறியது என்று கேட்டார்.

மார்ச் 1, புதன்

நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் பூச்சட்டை போடுகிறேன் என்று பிலோமினா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது தவறு. நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஜெனிற்றா கைக்குழந்தையாக இருந்த சமயம். வெட்டின மரத்தடிகளை இறக்க வந்த ஒரு கப்பலுக்குப் பேப்பர்களோடு போயிருந்தேன். மேல்தளத்தில் ஒரு குழாய் வெடித்து என் சட்டை முழுக்க எண்ணெய். கப்பலின் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். சிரித்துக்கொண்டே உள்ளே போய்த் தன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நீலத்தில் சிவப்புச் செம்பருத்தி. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வேறு வழியில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு பஜார் வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

அதற்கு முந்தின மாதம்தான், என் விரல்களில் வெள்ளை தெரிய ஆரம்பித்ததும், பழக்கடைக்காரர் மிச்சக் காசை என் கையில் தராமல் பலகையில் வைக்க ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு அவர் என் சட்டையைப் பார்த்து, இது எந்த ஊர்ப் பூ என்று கேட்டார். ஹவாய் என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். எனக்கும் சரியாகத் தெரியாது, கிழக்கே என்றேன். பேசிக்கொண்டே காசைக் கையில் தந்தார்.

காரணம் பூதான் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டை நன்றாக இருந்தது. அதனால் இன்னொன்று தேடினேன், அவ்வளவுதான்.

அப்புறம் தேடுவது பழகிவிட்டது. கப்பல்காரர்களிடம் சொல்லி வைத்தால் அடுத்த தடவை கொண்டுவருவார்கள். திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போய்த் திரும்பிய துணிகள் விற்கும் கடைகளில் ஒரு நாள் முழுக்கக் கிளறினால் ஒன்று கிடைக்கும். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கெட்டதை நிறைய வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். காலர் மேலே பொத்தான் இல்லாமல் விரிந்து படுத்திருக்க வேண்டும். பொத்தான் தேங்காய்ச் சிரட்டையில் செய்ததாக இருந்தால் விசேஷம். முக்கியமானது பை. மட்டமான சட்டையில் பை தனியாகத் தெரியும், பூவை அது பாதியில் வெட்டியிருக்கும். நல்ல சட்டையில் பையின் துணியைப் பூவோடு பூ, இலையோடு இலை பொருத்தித் தைத்திருப்பார்கள். கையை விட்டுப் பார்த்தால்தான் பை இருப்பது தெரியும். அதைத் தைத்தவர் எங்கோ உட்கார்ந்து, யாருமே கவனிக்கப்போகாத ஒன்றுக்காக அவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார். எனக்கு அதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும். காலையில் பீரோவைத் திறந்ததும் இன்றைக்கு எது என்று நிற்கிற இரண்டு நிமிஷமும் அப்படித்தான்.

வெள்ளைச் சட்டையில் பை தெரிகிறது.

மார்ச் 4, சனி

பிலோமினா பியூட்டி பார்லரிலிருந்து ஒரு கிரீம் வாங்கி வந்தாள். தோல் நிறத்தில் இருக்குமாம். என் புறங்கையில் பூசிப் பார்த்தோம். பள்ளிக்கூட மேப்பில் பாலைவனத்துக்குப் போடும் நிறம். இரண்டு தடவை பூசினால் சரியாகும் என்றாள். ஜெனிற்றா வாசலில் நின்று பார்த்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டாள். அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்.

மார்ச் 5, ஞாயிறு

வந்தார்கள். ராய்ஸ்டன், அவன் அப்பா, அம்மா றோசலின், கூட சிந்தா அக்கா. சிந்தா அக்கா றோசலினின் தங்கை. எங்கள் தெருவில் இருக்கிறாள். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே அவள்தான்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். உப்பளத்து லாரிகள் ரோட்டைக் கெடுப்பதைப் பற்றிப் பேசினார். பையனும் பெண்ணும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு, இரண்டு பேரும் சிரித்த முகமாக வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது.

கரண்ட் போனது. ஃபேன் நின்று கால்மணி நேரத்தில் என் கழுத்தில் பூசியிருந்த பாலைவனம் இறங்கி வெள்ளைக் காலருக்கு வந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. காப்பி டம்ளரை றோசலினிடம் நீட்டியபோது டம்ளரில் என் விரல்களின் அடையாளம் இருந்தது. றோசலின் டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு என் கையை, பிறகு காலரை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா, "வெயில் அலர்ஜி," என்றாள்.

றோசலின் டம்ளரை வாங்கி டீப்பாயில் வைத்தார்கள். கடைசி வரை குடிக்கவில்லை.

அவர்கள் போனபிறகு சட்டையை ஊறப்போட்டேன். கறை போகவில்லை.

மார்ச் 9, வியாழன்

சிந்தா அக்கா வந்தாள். வாசலோடு நின்றே பேசினாள். அவள் அக்கா றோசலின் கொஞ்சம் யோசிக்கணும் என்கிறாளாம். அலர்ஜி என்றால் ஏன் பூசி மறைக்க வேண்டும் என்று கேட்கிறாளாம். பரம்பரையா என்றும் கேட்டாளாம். தவக்காலத்தில் நிச்சயதார்த்தம் வைக்கப் போவதில்லை, அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிலோமினா அடுப்படியில் கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நான் கடைக்குப் போய் நெத்திலி வாங்கி வந்தேன்.

மார்ச் 12, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிலோமினா படுத்துவிட்டாள். ஜெனிற்றா ஹாலுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். சிந்தா அக்கா வந்து போன விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வருத்தப்படக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"டாடி, நான் ராய்ஸ்டன்கிட்ட மொத நாள் போன்லயே சொல்லிட்டேன்," என்றாள்.

என் விஷயத்தையா என்று கேட்டேன்.

"உங்க விஷயத்தையும்."

அந்த 'உம்' எனக்கு உடனே புரியவில்லை. அவள் எழுந்து சுடிதாரின் இடது காலை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு பெரிய வெற்றிலை அளவு. அதன் ஓரத்தில் சின்னதாக இன்னும் இரண்டு.

எவ்வளவு நாளாக என்றேன். இரண்டு வருடம் என்றாள். மம்மிக்குத் தெரியுமா என்றேன். யாருக்கும் தெரியாது என்றாள். தானே டாக்டரிடம் போய்ப் பார்த்திருக்கிறாள். எனக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஒரு நாளாவது இதப் பத்திப் பேசிருக்கீங்களா டாடி? வீட்டுல இந்தப் பேச்சே கூடாதுன்னு நெனச்சேன்."

நான் பேசினதில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் பேசினதில்லை.

சிந்தா அக்கா வந்து போன பிறகு ராய்ஸ்டன், தன் அம்மாவுக்கு எதற்கு இதெல்லாம், கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னானாம். அதிலிருந்து அவன் போனை இவள் எடுப்பதில்லை. மறைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போக மாட்டேன், அங்கேயும் கிரீம் டப்பாவை ஒளித்து வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது என்றாள். காலை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டரை மாற்றினேன்.

மார்ச் 13, திங்கள்

ஆபீஸ். இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, வியாழன்

ஜெனிற்றா பிலோமினாவிடம் சொல்லிவிட்டாள். பிலோமினா அழவில்லை. ஈஸ்டர் முடியட்டும், அதுவரைக்கும் யாரிடமும் பேசாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து, பீரோ சாவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஈஸ்டர் வரைக்கும் என்று நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதான்.

உண்மையில் எனக்கு அந்தப் பீரோவைத் திறக்கப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் அவள் என் முன்னால் நடமாடியிருக்கிறாள். நான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பூவும் இலையும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 25, சனி

பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். இந்த ஊருக்குப் புதிதாக மாறி வந்தவர். பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் வேண்டும், ஒருவர் மகனைப் பார்க்க வெளிநாடு போய்விட்டார், நீங்கள் வர முடியுமா என்று கேட்டார்.

முன்னால் இருந்த சாமியார்களும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். வெயில் காலத்திலும் நான் ஷூதான் போடுவேன். கோயிலுக்குள் வரும்போது மட்டும் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வருவேன்.

வருகிறேன் ஃபாதர் என்றேன். வெள்ளைச் சட்டை போட்டு வர வேண்டும், இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்து ஞாயிறு. நல்ல வெயில். பவனியில் ராய்ஸ்டன் தூரத்தில் தெரிந்தான். இது அவன் பங்குக் கோயில் இல்லை. ஜெனிற்றா குருத்தோலையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

வீட்டில் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரில் நான் ஒருவன் என்பது, பெயர் வாசித்து நான் எழுந்து போனபோதுதான் பிலோமினாவுக்குத் தெரியும். என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பீடத்துக்கு முன்னால் சனங்களைப் பார்த்தபடி பெஞ்சு. நான் ஒன்பதாவது. உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். ஐந்தாம் வரிசையில் சிந்தா அக்கா, அவள் பக்கத்தில் றோசலின். அவர்கள் இந்தக் கோயிலுக்கு வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போகவும் முடியாது, கால் வெறுமனே இருக்கிறது.

என் பாதங்கள் கணுக்கால் வரை வெள்ளை. நடு நடுவே என் பழைய நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சட்டையில் பார்க்க எதுவுமில்லை. அதனால் காலைத்தான் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் என்னவோ சொன்னார்கள். பெஞ்சில் என் இடது பக்கம் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். வலது பக்கம் இருந்தவர் நகரவில்லை.

சாமியார் முழந்தாளிட்டு வந்தார். என் காலைக் கையில் எடுத்தவர் ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தண்ணீர் ஊற்றினார். ஜில்லென்று இருந்தது. துடைத்து, குனிந்து முத்தமிட்டுவிட்டுப் பத்தாவது ஆளிடம் போனார். மற்றவர்களுக்குச் செய்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பிராணிப் புகை அதிகம்.

சாக்ஸைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு இடத்துக்கு வந்தேன். ஜெனிற்றா நகர்ந்து இடம் தந்தாள். பூசை முடியும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் கோயிலில் தூங்கிவிழும்போது அப்படிப் பிடிப்பாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஒருசந்தி நோன்பு. கஞ்சி. பிலோமினா என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் கஞ்சிக்கு நான் கேட்காமலே தேங்காய்த் துவையல் அரைத்திருந்தாள்.

ஏப்ரல் 8, சனி

காலை பத்து மணிக்கு றோசலின் வந்தார்கள். போன் செய்யவில்லை, சிந்தா அக்காவையும் கூட்டி வரவில்லை. நான் வீட்டில்தானே என்று பனியனோடு இருந்தேன். சட்டை எடுக்க உள்ளே போகப்போனேன்.

"இருங்கண்ணே, பரவால்ல," என்றார்கள்.

உட்கார்ந்தேன். முழங்கை, கழுத்து எல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தேன். பிலோமினாவும் ஜெனிற்றாவும் வந்தார்கள். றோசலின் கொஞ்ச நேரம் தன் கைப்பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள எனக்கு முன்னாலயே தெரியும்ணே. பஜார்ல பாப்பேன். பூச்சட்டைக்காரர்னு நாங்க சொல்லுவோம். கழுத்துலயும் கையிலயும் இருக்கதயும் பாத்திருக்கேன். எனக்கு அது ஒண்ணுமே தோணல. அன்னைக்கு வெள்ளச் சட்டையும் பூச்சுமா வந்து உக்காந்தீங்க பாருங்க, அப்பதான் பயம் வந்துச்சு. என்னத்தையோ மறைக்காங்கன்னு."

பிலோமினா தரையைப் பார்த்தாள். அது என் யோசனை, அவர் மேல் தப்பில்லை என்றாள்.

பஜாரில் அவர்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இசக்கிமுத்து பார்க்கவில்லை. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் போல் இன்னும் எத்தனை பேர் பார்த்தார்களோ, பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்களோ.

ஜெனிற்றா எழுந்தாள். "ஆன்ட்டி, மறைச்சது இன்னொண்ணும் இருக்கு," என்றாள். காலை மடித்துக் காட்டினாள். பிலோமினா தடுக்கவில்லை.

றோசலின் ரொம்ப நேரம் பார்த்தார்கள். ராய்ஸ்டனுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றாள். என்னிடம் சொல்லவில்லையே என்றார்கள். அதனால்தான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன் என்றாள்.

"பிள்ளைகளுக்கு வருமா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். டாக்டரால சொல்ல முடியல, என்னாலயும் சொல்ல முடியாது ஆன்ட்டி."

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய் என்று றோசலின் சொன்னார்கள். பிலோமினா காப்பி கொண்டுவந்தாள். நான்தான் டம்ளரை எடுத்து நீட்டினேன். வாங்கிக் குடித்தார்கள். சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஹெட்மாஸ்டரிடமிருந்து போன். நிச்சயத்தை இருபத்து மூன்றாம் தேதி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஜெனிற்றாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். ராய்ஸ்டன் முதலில் தன்னிடம் வந்து பேசட்டும் என்றாள். அவன் அரைமணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டான். இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். இந்தத் தடவை சிரித்த முகமாக வரவில்லை. அவள் அழுதிருந்தாள், அவனும்தான். தேதி சரி என்று சொல்லச் சொன்னாள்.

ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு

காலைப் பூசைக்குக் கிளம்பினோம். பிலோமினா சாவியைத் தந்தாள். பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. முதல் நாள் போடுவதற்கென்று மனதுக்குள் ஒன்றை வைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் மெலிசான மூங்கில் இலைகள், அடக்கமானது. அதை எடுத்துப் போட்டு, பொத்தானும் மாட்டிவிட்டேன்.

ஜெனிற்றா அறையிலிருந்து வந்தாள். புது ஃபிராக். மஞ்சள். முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. காலில் ஒன்றும் பூசவில்லை. பிலோமினா அவளைப் பார்த்தாள், அவள் கழுத்துச் சங்கிலியை நேராக்கிவிட்டாள், கதவைப் பூட்டப் போனாள்.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நான் திரும்ப உள்ளே போனேன். மூங்கில் இலையைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று எடுத்தேன். ஆரஞ்சு. முன்பக்கம் எரிமலை, பின்பக்கம் கடல், கைகளில் சுறா. வாங்கின நாளிலிருந்து வெளியே போட்டதில்லை. ஆபீஸில் ஒரு தடவை போட்டோவைக் காட்டியதற்கே இசக்கிமுத்து கண்ணைக் கசக்கினான்.

கோயில் வாசலில் நல்ல கூட்டம். எல்லோரும் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நடுவில் நடந்தோம். நான் ஜெனிற்றாவின் இடது பக்கமாக வந்தேன், கொஞ்சம் ஒட்டினாற்போல. எரிமலையைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். ஒருவர் தோளைத் தட்டி, வந்துட்டீங்களா என்றார்.

பாதி தூரம் போனதும் ஜெனிற்றா நின்றாள்.

"டாடி, இந்தப் பக்கம் வாங்க," என்றாள். "மறைக்கீங்க."

நான் அவளுக்கு வலது பக்கம் வந்தேன்.